பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்: கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு காண்ட்ராக்ட் கில்லர்

[திரை முழுக்கக் கருப்பு. ரயில் சத்தம் மட்டும்.]

படம் ஆரம்பித்ததும் எதுவுமே தெரியாது. ரயில் ஓடும் சத்தம் கேட்கும். நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. கூடவே ஒரு கரகரத்த குரல் யாரிடமோ பேசத் தொடங்கும். நீ எப்படிப் பிறந்தாய் என்று சொல்லும். வலியில் பிறந்தாய், இருட்டில் பிறந்தாய், பிறந்ததிலிருந்தே உனக்குள் ஒரு வெறுப்பு என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒரு பெண்ணின் அலறல் வரும், குழந்தையின் அழுகை வரும். அந்தப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்து, அது ஒரு சுரங்கப்பாதையின் வாய் என்று நமக்குப் புரியும்போது ரயில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். கிளீவ்லாண்டிலிருந்து ஃபிராங்கி போனோ நியூயார்க் வந்து இறங்குகிறான். அவனுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது: ஓர் ஆளைக் கொல்ல வேண்டும்.

செட் இல்லை, கூட்டம் இல்லை, கிராபிக்ஸ் இல்லை. ஒரு சுரங்கம், ஒரு குரல், அவ்வளவுதான் செலவு. கையில் காசில்லாத ஓர் இயக்குநர் முதல் நிமிடத்திலேயே நம்மை உட்கார வைப்பது இப்படித்தான்.

1961-இல் வந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் பெயர் பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ். மொத்தமே 77 நிமிடம். எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்தவர் ஆலன் பேரன், புரூக்ளின்காரர். சினிமாவுக்கு வருவதற்கு முன் காமிக்ஸ் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். படத்தின் பல ஃபிரேம்களைப் பார்த்தால் அந்தக் கை தெரியும். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு உருவம், பின்னால் வெறும் தெரு, பக்கத்தில் பெரிய நிழல் என்று ஒவ்வொரு ஷாட்டும் கட்டம் போட்டு வரைந்த மாதிரி இருக்கும்.

[காட்சி: கிறிஸ்துமஸ் அலங்காரம், கடைக் கண்ணாடிகள், கூட்டம்]

கதை ரொம்பச் சின்னது. டிரோயானோ என்று ஒரு தாதா, பெரிய தலையெல்லாம் கிடையாது, இரண்டாம் கட்ட ஆள். அவனை முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆர்டர். ஸ்டேட்டன் ஐலண்ட் படகில் ஒருவன் வந்து விவரம் சொல்லிவிட்டுப் போகிறான். கிறிஸ்துமஸ் வாரம். ஊரே பொட்டலமும் கையுமாக அலைகிறது. இவன் மட்டும் டிரோயானோ எங்கே போகிறான், யாரோடு வருகிறான், எப்போது தனியாக மாட்டுவான் என்று பின்னாலேயே சுற்றுகிறான். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ஸ்கெட்ச் போடுகிறான்.

கூலிக்கொலைகாரன் கதை என்றால் ஸ்லோமோஷன் நடை, ரெண்டு கையிலும் துப்பாக்கி, பஞ்ச் வசனம் என்றே நமக்குப் பழகிவிட்டது. இந்தப் படத்தில் அந்தத் தொழில் பெரும்பாலும் காத்திருப்பதுதான். காருக்குள் உட்காருவது, எதிர்வீட்டு வாசலைப் பார்ப்பது, ஓட்டல் அறையில் தனியாகப் படுத்திருப்பது. இவ்வளவு நேரம் சும்மா இருக்கும் மனிதனுக்குள் என்ன ஓடும்? அங்கேதான் அந்தக் குரல் வேலை செய்கிறது.

சாதாரணமாக இந்த மாதிரிப் படங்களில் கதாநாயகனே "நான்" என்று கதை சொல்வான். இதில் குரல் அவனைப் பார்த்து "நீ" என்கிறது. உனக்குத் தனிமைதான் பழக்கம், உனக்குக் கூட்டம் பிடிக்காது, உன் கை வியர்க்கிறது பார் என்கிறது. அது அவன் மனசாட்சியா, அவனுக்குக் கூலி கொடுக்கும் கும்பலா, விதியா? படம் கடைசிவரை சொல்வதில்லை. சில இடங்களில் தட்டிக்கொடுக்கும், சில இடங்களில் குத்திக்காட்டும். எனக்கு அது அவனை வளர்த்துவிட்ட ஆள் மாதிரிதான் கேட்கிறது. அநாதை இல்லத்தில் வளர்ந்தவன் ஃபிராங்கி. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான்.

ஒரு இடம் சொல்கிறேன். டிரோயானோவுக்குக் குடும்பம் இருக்கிறது, புறநகரில் நல்ல வீடு இருக்கிறது. அவன்மேல் ஃபிராங்கிக்குத் தனிப்பட்ட பகை ஒன்றுமில்லை. ஆனால் வெறுப்பு இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால் குரல் அவனுக்கு வெறுப்பதற்கான காரணங்களைத் தேடிக் கொடுக்கிறது. கடைசியில் பிடித்துக்கொள்வது எதைத் தெரியுமா? டிரோயானோவின் மீசையை. ஒரு மனிதனைக் கொல்ல அவன் மீசையை வெறுக்கக் கற்றுக்கொள்கிறான். கும்பல், போலீஸ், பழிக்குப் பழி என்று நீட்டி முழக்கும் படங்கள் எதிலும் இந்த ஒரு விஷயம் எனக்கு இவ்வளவு உறைத்ததில்லை.

அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. டைட்டிலில் அந்த வரிகளை எழுதியவர் பெயர் மெல் டாவன்போர்ட் என்று வரும். அப்படி ஒரு ஆள் கிடையாது. எழுதியவர் வால்டோ சால்ட். பேசியவர் லயனல் ஸ்டாண்டர், அவர் பெயர் டைட்டிலிலேயே இல்லை. இரண்டு பேரும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம் அது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. சால்ட் 1951-இல் பதில் சொல்ல மறுத்தார். ஸ்டாண்டர் 1953-இல் அந்தக் குழுவின் முன்னாலேயே அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். பெரிய ஸ்டூடியோக்களின் கதவு இருவருக்கும் சாத்தப்பட்டது. சொந்தப் பெயரில் வேலை செய்ய முடியாத ஒருவர் எழுத, வேலை கிடைக்காத இன்னொருவர் வாசித்தார். ஒதுக்கப்பட்டவனின் வலியைப் பேசும் அந்தக் குரலில் இருக்கும் காரத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த சால்ட்தான் பிறகு மிட்நைட் கவ்பாய் திரைக்கதைக்கு ஒன்று, கமிங் ஹோம் படத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆஸ்கர் வாங்கினார்.

காசு விஷயத்திலும் இந்தக் குரல் கைகொடுத்திருக்கிறது. தெருவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு எடுக்கும்போது அங்கேயே ஒலிப்பதிவு செய்வது பெரிய தலைவலி, செலவும் கூட. பேசாமல் நடக்கும் ஒருவனைப் படம் பிடித்துவிட்டு, அப்புறம் மேலே குரலை வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

[காட்சி: பெரிய ரால்ஃபின் அறை, எலிக் கூண்டுகள்]

துப்பாக்கி வாங்கும் காட்சியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சைலன்சர் வைத்த துப்பாக்கி வேண்டும் என்று ஃபிராங்கி போவது பெரிய ரால்ஃப் என்பவனிடம். ஆள் மலை மாதிரி இருப்பான், தாடி வைத்திருப்பான், மூச்சு வாங்கி வாங்கிப் பேசுவான். அறையில் கூண்டு கூண்டாக எலி வளர்க்கிறான், ஏதோ பூனைக்குட்டியைக் கொஞ்சுவதுபோல அவற்றோடு பழகுகிறான். விலை பேசுகிறார்கள். மிரட்டல் எதுவும் கிடையாது. ரால்ஃப் குழைந்து குழைந்து பேசுகிறான், ஃபிராங்கிக்கு அந்த அறையே குமட்டுகிறது. நமக்கும்தான். ரால்ஃபாக நடித்தவர் லாரி டக்கர். இவர் பின்னாளில் பாப் அண்ட் கேரல் அண்ட் டெட் அண்ட் ஆலிஸ் படத்தின் திரைக்கதையைச் சேர்ந்து எழுதி ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். இந்தப் படத்தில் கதாநாயகனைவிட நன்றாக நடித்திருப்பவர் அவர்தான்.

அப்புறம் ஒரு உணவகத்தில் பீட்டி என்பவன் ஃபிராங்கியை அடையாளம் கண்டுகொள்கிறான். அநாதை இல்லத்தில் கூட இருந்தவன். விடாமல் ஒரு பார்ட்டிக்கு இழுத்துப் போகிறான். அங்கே ஒரு விளையாட்டு, தரையில் மண்டிபோட்டு மூக்காலேயே வேர்க்கடலையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், யார் முதலில் என்று. கொலை செய்ய வந்தவன் கோட்டும் சூட்டுமாகத் தரையில் தவழ்கிறான். சிரிப்பு வரும், கூடவே சங்கடமாகவும் இருக்கும். பீட்டியின் தங்கை லோரி இவனிடம் அன்பாகப் பேசுகிறாள், கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். அன்பு என்றால் என்னவென்று தெரியாதவன் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு அவளிடம் அத்துமீறுகிறான். படம் அதற்கு அவனை மன்னிப்பதில்லை. லோரிக்குத் தனியாக ஒரு வாழ்க்கை எழுதியிருக்கலாம், அங்கே படம் கொஞ்சம் சோம்பேறித்தனமாக நடந்துகொள்கிறது.

சரி, எப்படி எடுத்தார்கள்? ஃபிராங்கி வேடத்துக்கு இயக்குநர் ஆலன் பேரன் முதலில் நினைத்திருந்தது பீட்டர் ஃபாக். ஆமாம், பின்னாளில் கொலம்போ என்ற டிவி துப்பறிவாளராக உலகம் முழுக்கத் தெரிந்த அதே ஃபாக். அவருக்கு மர்டர் இன்க் என்ற படத்தில் சம்பளத்தோடு வாய்ப்பு வந்தது, போய்விட்டார். அதுவும் கொலைகாரன் வேடம்தான், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. வேறு நடிகருக்குப் பணம் இல்லை, பேரனே கோட்டை மாட்டிக்கொண்டார். ஒளிப்பதிவு செய்த மெரில் பிராடிதான் தயாரிப்பாளரும். மேடை போட்டு எடுக்க வசதி இல்லாததால் நிஜத் தெரு, நிஜக் கூட்டம், நிஜப் பண்டிகை விளக்குகள். அதனாலேயே அந்தக் கால நியூயார்க்கை எந்தப் பெரிய ஸ்டூடியோ படத்தையும்விட இதில் நன்றாகப் பார்க்க முடிகிறது: ராக்ஃபெல்லர் சென்டரின் அலங்காரம், ஹார்லெம் தெருக்கள், வில்லேஜ் கேட் கிளப்பில் போங்கோ அடித்துப் பாடுபவர். அந்தப் பாட்டு கொஞ்சம் நீளம்தான், நானே ஓட்டிவிட்டேன்.

ஆனால் ஒரு ஷாட்டை மட்டும் ஓட்டாதீர்கள். ஆளில்லாத தெருவில், ரொம்பத் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் ஃபிராங்கி கேமராவை நோக்கி நடந்து வருகிறான். வெட்டவே மாட்டார்கள். முழுத் தூரமும் நடந்து வந்து முகம் தெரியும்வரை காட்டுவார்கள். பேரன் பெரிய நடிகர் கிடையாது, ஆனால் நடக்கத் தெரிந்தவர்.

[எச்சரிக்கை அட்டை: இனி முடிவைப் பற்றிப் பேசப்போகிறோம்]

படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

வில்லேஜ் கேட் கிளப்பில் ஃபிராங்கி யாரை நோட்டம் விடுகிறான் என்பதை ரால்ஃப் பார்த்துவிடுகிறான். விலை ஏறுகிறது. ஃபிராங்கி அவன் அறைக்கே போய் அவனைக் கொல்கிறான், அது சுத்தமான தொழில்முறைக் கொலை கிடையாது. மூச்சிரைத்து, பொருள்களை உருட்டி, நீண்டுகொண்டே போகும் அசிங்கமான கைகலப்பு. அதோடு அவன் உடைந்துபோகிறான். போன் செய்து இந்த வேலை வேண்டாம் என்கிறான். அந்தத் தொழிலில் ராஜினாமா கிடையாதே. புத்தாண்டுக்கு முந்தின இரவுக்குள் முடி என்று பதில் வருகிறது.

முடிக்கிறான். மிச்சக் கூலியை வாங்க ஊருக்கு வெளியே நாணல் மண்டிய சதுப்பு நிலத்துக்குப் போகிறான். கூலியாகக் கிடைப்பது குண்டு. சேற்றுத் தண்ணீரில் விழுகிறான். தொடக்கத்தில் பிறப்பைச் சொன்ன குரல் இதையும் சொல்லி முடித்துவைக்கிறது.

அந்தக் காட்சியில் காற்று வெறிபிடித்தமாதிரி அடிக்கும், நாணல் தரையோடு சாயும். அது மின்விசிறி வைத்து எடுத்தது கிடையாது. 1960 செப்டம்பரில் நியூயார்க்கைத் தாக்கிய டோனா புயல் அது. புயலுக்குள்ளேயே கேமராவை வைத்து எடுத்திருக்கிறார்கள். எத்தனை கோடி கொட்டினாலும் அந்தக் காற்றை வாங்க முடியாது.

படத்தை யூனிவர்சல் வாங்கி வெளியிட்டது, ஆனாலும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பேரன் தொலைக்காட்சிக்குப் போய் சார்லீஸ் ஏஞ்சல்ஸ், டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட் போன்ற தொடர்களுக்கு எபிசோடுகள் இயக்கினார். 2008-இல் பழைய நல்ல படங்களைத் தேடி வெளியிடும் கிரைடீரியன் நிறுவனம் டிவிடி போட்ட பிறகுதான் புதிய தலைமுறை ரசிகர்கள் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஃபாக் நடித்திருந்தால் படம் ஓடியிருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. ஓடியிருக்கலாம். ஆனால் ஃபாக் முகத்தில் ஒரு குறும்பு எப்போதும் இருக்கும், பார்த்ததும் பிடித்துவிடும். ஃபிராங்கியை யாருக்கும் பார்த்ததும் பிடிக்கக் கூடாது. பேரனின் அந்த இறுக்கமான, கொஞ்சம் மரத்துப்போன முகம்தான் சரி.

அடுத்த வீடியோவில் 1958-இல் வந்த மர்டர் பை காண்ட்ராக்ட். அதிலும் ஒரு கூலிக்கொலைகாரன்தான், ஆனால் அவன் இந்தத் தொழிலுக்கு வருவதே சொந்த வீடு வாங்கக் காசு சேர்க்க.