டிபி கிருமியாலதானே வருது, சாப்பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த கேள்வி திருப்பூர்ல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "எங்க அண்ணன் பெயின்ட் வேலைக்குப் போறவர். டிபின்னு சொல்லி ஆறு மாச மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. போன வீடியோல வறுமையைப் பத்தி நிறைய பேசினீங்க. கிருமியாலதானே வருது? மாத்திரை போட்டா சரியாயிடும்தானே?"

நியாயமான கேள்வி. சொல்லப்போனா, உங்க பக்கம் பேசறதுக்கு மெட்ராஸே சாட்சிக்கு இருக்கு. அந்தக் காலத்துல டிபின்னா மாசக்கணக்குல சானடோரியத்துல, அதாவது டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரில, படுக்க வைப்பாங்க. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பேர் வந்ததே அப்படித்தான். 1956ல சேத்துப்பட்டுல ஒரு டிபி ஆராய்ச்சி மையம் வந்தது. அவங்க நோயாளிகள்ல பாதிப் பேரை சானடோரியத்துல சேர்த்தாங்க, மீதிப் பேருக்கு வீட்டுலயே மருந்து குடுத்தாங்க. வீட்டுல இருந்தவங்களுக்கு இடமும் நெருக்கடி, சாப்பாடும் மட்டம். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாயிருந்தது. 1959ல அந்த முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுக்க சானடோரியம் மதிப்பு இறங்க ஆரம்பிச்சது. அதனால மாத்திரை வேலை செய்யும்மா. ஒரு நாள் கூட விடக்கூடாது.

ஆனா அந்த ஆய்வு முடிவை "மருந்து போதும், சோறு முக்கியமில்ல"ன்னு நாமளா இழுத்துக்கிட்டோம். நோய் யாருக்கு வருது, யார் செத்துப்போறாங்க, வீட்டுல அடுத்து யார் படுக்கறாங்க, இதெல்லாம் வேற கேள்வி.

கிருமி உள்ள போன நூறு பேர்ல, வாழ்நாள் முழுக்கப் பார்த்தாலும் அஞ்சுலேர்ந்து பத்து பேருக்குத்தான் நோயா மாறும். மத்தவங்க உடம்பு அதை அடக்கி வெச்சிரும். அடக்க முடியாதவங்க யாருன்னு பார்த்தா சுகர், எச்ஐவி, குடி, பீடி சிகரெட் எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. நம்ம நாட்டுல அதுல முதல் இடம் சத்துக்குறைவுக்கு.

இதை ஜார்க்கண்ட்ல நேராவே சோதிச்சுப் பார்த்தாங்க. 2019லேர்ந்து 2022 வரைக்கும், நாலு மாவட்டம், 2,800 நோயாளிகள். பழங்குடி மக்கள் நிறைய இருக்கற பகுதி. நோயாளிகள்ல அஞ்சுல நாலு பேர் எடை குறைஞ்சவங்க. எல்லா நோயாளிக்கும் மாசா மாசம் 10 கிலோ உணவுப் பொட்டலம் குடுத்தாங்க. பாதிக் குடும்பங்கள்ல கூட இருக்கறவங்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மத்த வீடுகளோட ஒப்பிட்டா, அந்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சது. அரிசி பருப்புக்கு! இதுல வேடிக்கை என்னன்னா, அன்னைக்கு மெட்ராஸ்ல ஆய்வு செஞ்ச அதே சேத்துப்பட்டு நிறுவனத்துக்கு இதுலயும் பங்கு உண்டு.

இப்ப நம்ம ஊர்க் கணக்கைப் பாருங்க. ரேஷன்ல அரிசி இலவசம், நல்ல விஷயம், யாரும் குறை சொல்ல முடியாது. பருப்பு? ஒரு கார்டுக்கே மாசம் ஒரு கிலோதான். அங்க தலைக்கு ஒன்றரை. வயிறு நிறையுது, புரதம் இல்ல. டிபி நோயாளிக்கு மத்திய அரசு மாசம் 500 ரூபாய் குடுத்துட்டு இருந்தாங்க, 2024 நவம்பர்லேர்ந்து 1,000. பேங்க் அக்கவுண்ட்ல வரும். பிளாட்பாரத்துல படுக்கறவருக்கு அக்கவுண்டும் கிடையாது, ரேஷன் கார்டும் கிடையாது. வீடு இருக்கற இடத்துலயும், அண்ணனுக்குன்னு வாங்கின முட்டையை அண்ணன் தனியா உக்காந்து சாப்பிட்டுருவாரா? குழந்தை பார்த்துக்கிட்டே நிக்கும், பாதி அங்க போயிடும். அவர் வேலைக்கும் போக முடியாத நேரம் அது. கூலி நின்னுபோச்சுன்னா எல்லார் தட்டுலயும் குறையுது, அதே வீட்டுல அவர் இருமிட்டும் இருக்கார்.

இன்னொண்ணு, தட்டு டம்ளரைத் தனியா ஒதுக்கி வைக்காதீங்க. தட்டுல பரவாது, காத்துல பரவும். ஜன்னலைத் திறந்து வைங்க. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்றாருன்னு சில பேர் எழுதியிருந்தீங்க, அதைத் தனி வீடியோவா பேசறேன்.

சகோதரி, நீங்க செய்ய வேண்டியது: அண்ணன் எடையை இன்னைக்கே பார்த்து எழுதி வைங்க. அவர் 40 கிலோன்னா ரெண்டு மாசத்துல 2 கிலோவாவது ஏறணும். அந்த ஜார்க்கண்ட் ஆய்வுல, ரெண்டு மாசத்துல 5 சதவீதம் எடை ஏறினவங்களுக்குச் சாவு ஆபத்து 61 சதவீதம் குறைவா இருந்தது. ஏறலைன்னா காத்திருக்காதீங்க, டிபி யூனிட்ல போய்ச் சொல்லுங்க. ரொம்ப மெலிஞ்சவங்களை முதல்லயே பிரிச்சு அட்மிட் பண்ண, தமிழ்நாட்டுல 2022லேர்ந்து காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு நடக்குது, அதைச் சொல்லியே கேளுங்க. வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா தடுப்பு மாத்திரையும் கேளுங்க. சரி, அடுத்த கேள்வி.