4,29,49,67,297: ஒரு பெரிய எண்ணின் உள்ளமைப்பு

நேயர்களுக்கு வணக்கம். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்னும் ஒரே ஓர் எண்ணைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன்.

இரண்டில் தொடங்கி, கிடைப்பதை மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தினால் 2, 4, 16, 256, 65536 என்ற வரிசை வருகிறது. ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640இல் எழுதினார். ஆனால் அதற்குத் தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அடுத்து வருவதுதான் நம் எண்: 65536இன் வர்க்கத்துடன், அதாவது 2இன் முப்பத்திரண்டாம் அடுக்குடன், ஒன்று.

1729இல் கணித அறிஞர் கோல்ட்பாக் எழுதிய ஒரு கடிதம் இக்கேள்வியை இளம் கணித அறிஞர் ஆய்லரிடம் கொண்டுசேர்த்தது. 1732இல், தம் இருபத்தைந்தாம் வயதில், இந்த எண் 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று ஆய்லர் அறிவித்தார். ஈவு 67,00,417.

641ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? நம் எண்ணின் வர்க்கமூலத்துக்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அந்தப் பகா எண்ணால் 2இன் அடுக்குகளை வகுக்கும்போது வரும் மீதிகள் சரியாக 64 படிகளுக்கு ஒருமுறை திரும்பவும் அதே வரிசையில் வந்தாக வேண்டும். அந்தச் சுழற்சியின் நீளம், பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியின்றி வகுக்கும் என்பது ஃபெர்மாவே கண்ட தேற்றத்தின் விளைவு. ஆகவே 64இன் மடங்கைவிட ஒன்று அதிகமான பகா எண்கள் மட்டுமே தகுதி பெறுகின்றன: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது இடத்திலேயே விடை இருக்கிறது. ஃபெர்மாவின் ஊகத்தை முறிக்கும் கருவி அவருடைய தேற்றத்திலேயே இருந்தது என்பது எனக்கு இன்றளவும் வியப்பளிக்கிறது.

நீண்ட வகுத்தல் இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். 641 என்பது 5ஐ 2இன் ஏழாம் அடுக்கால் பெருக்கி ஒன்று கூட்டியது; அதுவே 5இன் நான்காம் அடுக்கும் 2இன் நான்காம் அடுக்கும் சேர்ந்த தொகையுமாகும். முதல் உண்மையின்படி, 641ஆல் வகுக்கும்போது 5 பெருக்கல் 2இன் ஏழாம் அடுக்கு என்பது கழித்தல் ஒன்றுக்குச் சமம், அதாவது 641இன் மடங்கைவிட ஒன்று குறைவு. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5இன் நான்காம் அடுக்கு பெருக்கல் 2இன் இருபத்தெட்டாம் அடுக்கு ஒன்றுக்குச் சமமாகிறது. இரண்டாம் உண்மையைக் கொண்டு, 5இன் நான்காம் அடுக்குக்குப் பதிலாகக் கழித்தல் 2இன் நான்காம் அடுக்கை வையுங்கள். 2இன் முப்பத்திரண்டாம் அடுக்கு கழித்தல் ஒன்றாகிவிடும். அதனுடன் ஒன்றைக் கூட்டியதுதான் நம் எண். எனவே மீதி பூச்சியம்.

இந்த எண்ணுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இது 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண் வருகிறது. பகா எண் எதுவும் இரு வர்க்கங்களின் தொகையாக இரண்டு வெவ்வேறு வழிகளில் அமையாது. ஆகவே காரணிகளைக் காணாமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.

ஆய்லருக்குப் பின் அந்த வரிசையில் ஒரு பகா எண்கூடப் புதிதாகக் கிடைக்கவில்லை. 2இன் முப்பத்திரண்டாம் அடுக்கில் தொடங்கும் நம் எண்ணையும் அதையடுத்து வரும் இருபத்தேழு எண்களையும் ஆராய்ந்ததில் எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அவற்றுள் சிலவற்றுக்கு, பகு எண் என்ற நிரூபணம் இருந்தும், ஒரு காரணியைக்கூட இதுவரை எவரும் கண்டதில்லை. நன்றி, வணக்கம்.