கார்தோன் வளர்த்த கதை

நேயர்களுக்கு வணக்கம். கள்ளி என்றதும் உங்களுக்கு வேலியோரச் சதுரக்கள்ளிதான் நினைவுக்கு வரும். அதைக் கீறினால் பால் வடியும். நான் சொல்லவந்த கள்ளியில் பால் கிடையாது. அது சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தம். பெயர் கார்தோன். அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளில் ஆண்டீஸ் மலைமேல் தூண் தூணாக, முப்பது அடி உயரம்கூட நிற்கும். அர்ஜென்டினாவின் கச்சி ஊர்த் தேவாலயத்தில் கூரையே இதன் மரத்தால் ஆனது. பலகை முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

பொலிவியாவின் உயூனி உப்புவெளி நடுவே ஒரு பாறைத்திட்டு. உயரம் 3,600 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அங்கே இரவில் தண்ணீர் உறையும், கார்தோன் அசையாமல் நிற்கும்.

அப்படியானால் ஊட்டிக் குளிர் அதை என்ன செய்யும் என்று நினைத்தேன். விதை போட்டு ஆறு வருஷம் வளர்த்தேன். முழங்கை நீளத்துக்கு உயரம், பொன்னிற முள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. மார்கழியில் ஒருநாள் காலை புல்லெல்லாம் வெள்ளை. ஓடிப்போய்ச் சாக்குப் போர்த்தினேன். பத்து நாள் கழித்து ஒரு செடியின் அடியைத் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. அழுகின வாழைப்பழம் மாதிரி. மேல்பாதி மட்டும் பச்சையாக, கெட்டியாக இருந்தது. அழுதேவிட்டேன்.

தாழ்வாரத்தில் இரண்டு தொட்டிகளை மறந்திருந்தேன். சாக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவை இரண்டும் பிழைத்தன!

அப்போதுதான் விளங்கியது. ஆண்டீஸில் மழை அவர்களுடைய கோடையில், டிசம்பர் முதல் மார்ச் வரை. குளிர்காலத்தில் மண் புழுதியாகக் கிடக்கும். செடியும் நீர் வற்றிச் சுருங்கிக்கொள்ளும், அதனால் உறைபனியைத் தாங்கும். நம் மலையில் மழை விட்ட கையோடு பனி வருகிறது. குளிர் தனியாக வந்தால் தாங்கும். ஈரத்தோடு வந்தால் தாங்காது. மறுபடியும் சொல்கிறேன், ஈரத்தோடு வந்தால் தாங்காது. புரட்டாசி முடிந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். தலைக்கு மேல் ஒரு தகடு போடுங்கள், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். தொட்டியில் பாதிக்குப் பாதி ஜல்லிப்பொடி.

விதைப்பதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டிவிட்டார்கள். விதையை மண்போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். குஞ்சுச் செடிக்கு நேர்வெயில் ஆகாது. ஆண்டீஸிலும் அது புதர் நிழலில்தான் தலையெடுக்கிறது. நன்றி, வணக்கம்.