டூர் எதுவும் வேண்டாம்: புவெர்ட்டோ வயார்ட்டாவில் ஒரு சோம்பேறிப் பகல்

வணக்கம் மக்களே! பின்னால் நிற்கிறதே, அதுதான் நம்ம சுற்றுலாக் கப்பல். இடம், மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் புவெர்ட்டோ வயார்ட்டா. ஜிப்லைன், டெக்கீலா டூர், அது இது என்று கப்பலில் பெரிய பட்டியலே நீட்டினார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம். கடற்கரையில் போய்ச் சும்மா உட்காரப் போகிறேன். இந்த ஊருக்கு அது போதும் என்பது என் கட்சி.

துறைமுக வாசலில் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். சிரித்துக்கொண்டே மெயின் ரோட்டுக்கு நடந்துவிடுங்கள். முன்கண்ணாடியில் 'சென்ட்ரோ', அதாவது ஊர் மையம், என்று எழுதிய டவுன் பஸ் வரும். டிரைவரிடமே பெசோவில் காசு கொடுத்தால் போதும், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சாலை கற்கள் பதித்தது, இடுப்பு கொஞ்சம் ஆட்டம் காணும்.

இதோ மாலெக்கோன். கடலை ஒட்டி நடப்பதற்கென்றே போட்ட பாதை, வண்டிகள் கிடையாது. அங்கே உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து நான்கு பேர் கயிற்றில் தலைகீழாகச் சுற்றிச் சுற்றி இறங்குகிறார்கள், பாருங்கள். மேலே இன்னொருவர் புல்லாங்குழலும் சின்ன மேளமும் வாசிக்கிறார். இது மெக்சிகோவின் மறுகரையில் இருக்கும் வெராக்ரூஸ் பக்கத்துச் சடங்கு. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் நான் தேடி வந்தது இந்தப் பெரியவரைத்தான். தோளில் பெரிய சுரைக்குடுக்கை. அதிலிருந்து ஊற்றித் தருவது தூபா. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாறு, ஆமாம், நம்ம ஊர்ப் பதநீரேதான்! கிளாஸில் ஊற்றி, மேலே பொடியாக நறுக்கிய ஆப்பிளையும் கடலையையும் அள்ளிப் போடுகிறார். ஒரு வாய் குடிக்கிறேன். இனிப்பு, கூடவே லேசான புளிப்பு. நம்ம பதநீரில் சுண்ணாம்பு சேர்ப்பதால் புளிக்காது, இதில் அந்த வேலை இல்லை போலிருக்கிறது. மெக்சிகோவில் இது எப்படி வந்தது என்கிறீர்களா? பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை ஓடின. அவற்றில் வந்த பிலிப்பினோக்கள்தான் பாளை சீவும் வித்தையை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடலையை மென்றுகொண்டே கள் குடித்த மாதிரி ஒரு சுகம்!

அப்புறம், ப்ளாயா லோஸ் முவெர்தோஸ் கடற்கரை. பாய்மரம் போல் மேலே விரிந்த அந்தப் படகுத்துறைப் பாலத்திலிருந்து யெலாபா கிராமத்துக்குப் படகு போகிறது. நான் போகவில்லை. குடையும் நாற்காலியும் ஓட்டல்காரர்கள் போட்டது. உட்கார்ந்தால் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். மணலில் துண்டை விரித்தால் யாருக்கும் பைசா தர வேண்டாம், மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து.

சாப்பாடும் தேடி வருகிறது. குச்சியில் செருகிக் கரிநெருப்பில் வாட்டிய மீன். ஓரம் கருகி, உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவி பறக்கிறது. எலுமிச்சையைப் பிழிந்து, மேலே வாலென்டினா சாஸ். இந்த மாநிலத்துத் தலைநகர் குவாதலஹாராவின் சரக்கு அது. காரம் நமக்கெல்லாம் ஒன்றுமே இல்லை. வெள்ளி நகை, தொப்பி, தலைப்பின்னல் என்று விற்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 'நோ, கிராசியாஸ்' என்றால் கோபிக்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

அதோ, தூரத்தில் தண்ணீர் பீய்ச்சியது! கூன்முதுகுத் திமிங்கிலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை குட்டி போட இந்த விரிகுடாவுக்கு வரும். நம்ம கேமராவில் விழவில்லை, போகட்டும்.

ஒரு முக்கியமான விஷயம், நேரம். நம்ம கப்பல் இன்னும் லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தில்தான் ஓடுகிறது. இப்போது பிப்ரவரி, இந்த ஊர்க் கடிகாரம் அதைவிட 2 மணி நேரம் முன்னால். போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாது. இறங்கும்போதே எந்த நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது 'வால்மார்ட்' என்று எழுதிய பஸ்ஸில் ஏறுங்கள், அந்தக் கடை துறைமுகத்துக்கு எதிரேதான் இருக்கிறது.

எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அண்ணே, இன்னொரு மீன்! உனோ மாஸ், போர் ஃபவோர்!