ஹேகர்மன் குதிரைக்கு மாவுக்கட்டு

அவைத்தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த நிர்வாகக் குழுவினரே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியப் பெருமக்களே, சால்வையோடு காத்திருக்கும் செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன்: ஹேகர்மன் குதிரை என்ன குதிரை, எப்படிக் கிடைத்தது, ஏன் அழிந்தது. மூன்றுக்கும் முன்னால் ஒரு பழமொழி: பதறாத காரியம் சிதறாது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேய்ந்த காட்டுக்குதிரை இது. அறிவியல் பெயர் ஈக்வஸ் சிம்ப்ளிசிடென்ஸ். ஒற்றைக் குளம்பு, உடற்கட்டு வரிக்குதிரையை ஒத்தது. கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். உட்புற எனாமல் மடிப்பு கூராக இறங்கும். நம் வண்டிக்குதிரைக்கு அது அகன்று வளையும்.

1928இல் எல்மர் குக் என்ற பண்ணைக்காரர் ஹேகர்மன் ஊருக்கு அருகே, ஸ்நேக் ஆற்றங்கரை மேட்டில் எலும்புகளைக் கண்டார். நாமாக இருந்தால் நல்லதாக நாலு பொறுக்கி வரவேற்பறை அலமாரியில் வைத்து, வருகிற சம்பந்திக்கெல்லாம் காட்டியிருப்போம்! (சிரிப்பு.) அவர் நிலவியலாளர் ஹெரால்ட் ஸ்டேர்ன்ஸிடம் காட்டினார். ஸ்டேர்ன்ஸ் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் தொல்லுயிர் ஆய்வாளர் ஜேம்ஸ் கிட்லிக்குச் சொன்னார். 1929இல் அங்கே தோண்டக் கூடாரம் போட்டார்கள். 1934க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மண்டையோடுகள், ஏறக்குறைய முழுமையான 5 எலும்புக்கூடுகள்! பதறாத காரியம் சிதறாது.

வெளியே எடுப்பது எப்படி? கால் முறிந்தால் போடுவோமே, அதே மாவுக்கட்டுதான். எலும்பைச் சுற்றிக் குழி வெட்டி, காளான் தண்டு போல் அடிமண்ணை விடுங்கள். ஈரக் காகிதம் ஒட்டுங்கள். இதை விட்டால் மாவு எலும்போடு பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிக்கும்போது எலும்பே உரியும். தண்ணீரில் மாவைத் தூவுங்கள், மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். சாக்குத் துணிப் பட்டைகளை அதில் நனைத்துச் சுற்றுங்கள். கட்டு விளிம்புக்குக் கீழேயும் மடங்க வேண்டும். இல்லாவிட்டால் புரட்டும்போது மண்ணும் எலும்பும் அடிவழியே கொட்டிவிடும். காயும் முன் புரட்டாதீர்கள். எலும்புக்கான வரிசை எண்ணையும் வடதிசை அம்பையும் கட்டின் மேலேயே எழுதுங்கள்.

இடம் குறிக்காத எலும்பு வெறும் எலும்பு. அந்தக் குதிரைக் கூட்டம் வெள்ளத்தில் மாண்டதா, வறண்ட நீர்நிலையருகே மாண்டதா என்ற வாதத்துக்கே எலும்பு கிடந்த கிடைதான் சாட்சி. அதனால்தான் ஊர் ஊராகக் கேட்கிறேன்: எலும்பு தென்பட்டால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் பேனாவை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், மண்ணைத் திரும்ப மூடுங்கள், அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது செய்தியா? செயலாளர் கடிகாரம் பார்க்கிறார். சால்வையைப் போடச் சொல்லுங்கள்.