பாதி நேரம் அவைக்கு

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துணைவேந்தர் அவர்களே, இப்பயிலரங்கை முன்னின்று நடத்தும் ஒருங்கிணைப்பாளர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பேராசிரியப் பெருமக்களே, கல்லூரிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்திருக்கும் பயிற்சியாளர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசாத ஆசிரியர் பாடத்தோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று துணைவேந்தர் அவர்கள் சற்று முன் குறிப்பிட்டார்கள். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவர்களுக்கே வாய்க்கும் தெளிவு அது. எனக்கு ஒதுக்கிய நேரத்தில் சரிபாதியைக் கேள்விகளுக்கு விட வேண்டும் என்று நான் கேட்டபோது அவைத்தலைவர் அவர்கள் மறுப்பின்றி இசைந்தார்கள். மேடைகளில் அவ்வளவு எளிதில் கிடைக்கும் இசைவு அல்ல என்பதால் அவர்களுக்குத் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேட்பவர் கற்றுக்கொள்ளும்படி ஓர் உரையையோ கூட்டத்தையோ அமைப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. திரை, நேரம், கூட்டம் கலைந்த பிறகு நடக்க வேண்டியவை என்று இதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். நான் போகும் இடமெல்லாம் சொல்லும் பழமொழி இதுதான், இங்கும் சொல்வேன்.

அளவு என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று, மனித மூளையின் அமைப்பைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை ஏழு, அதற்கு இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். அந்த ஏழையும் குறைத்து, உண்மையில் நான்கு அளவில்தான் நிற்கிறது என்று மற்றோர் உளவியலாளரான நெல்சன் கவன் 2001இல் வாதிட்டார். நாமோ ஒரே ஸ்லைடில் பன்னிரண்டு வரிகளை ஏற்றி, அவற்றைத் திரும்பி நின்று வாசிக்கிறோம். பேச்சாளர் மூன்றாம் வரியில் இருக்கும்போது கேட்பவரின் கண் ஏழாம் வரிக்குப் போய்விடுகிறது. காதில் ஒன்றும் கண்ணில் ஒன்றுமாக இரண்டும் மோதுகின்றன. பின்வரிசையில் ஒருவர் கைப்பேசியை உயர்த்தித் திரையைப் படம் எடுக்கிறார், எடுத்த கையோடு கேட்பதை நிறுத்திவிடுகிறார். படத்தோடு சேர்த்து விளக்கம் சொல்லும்போது, சொல்லும் அதே சொற்களை எழுத்திலும் காட்டினால் கற்றல் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. படம் திரையில் இருக்கட்டும், விளக்கம் வாயில் இருக்கட்டும், விரிவான விவரம் முன்கூட்டியே கையில் கொடுத்த தாளில் இருக்கட்டும்.

அளக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2003 ஜனவரி 16 அன்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கொலம்பியா விண்ணோடம் ஏழு பேருடன் புறப்பட்டது. அவர்களுள் கல்பனா சாவ்லாவும் ஒருவர். புறப்பட்டு ஏறத்தாழ 82 நொடிகளில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைக் காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே பொறியாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து, முடிவுகளை மேலாளர்கள் முன் ஸ்லைடுகளாக வைத்தார்கள். அவற்றுள் ஒன்றைப் பின்னாளில், தகவல்களைக் காட்சிப்படுத்தும் முறைகளை ஆராய்ந்த எட்வர்ட் டஃப்டி வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். விபத்து விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் அதை எடுத்தாண்டது. அந்த ஸ்லைடின் தலைப்பு, கணிப்பில் பாதுகாப்புக்குப் போதிய இடம் விட்டிருக்கிறோம் என்று ஆறுதல் சொல்கிறது. அதன் கீழே புள்ளிக்குள் புள்ளியாக வரிகள் இறங்குகின்றன. ‘குறிப்பிடத்தக்க’ என்று பொருள்படும் சொல் மட்டும் ஐந்து முறை, இடத்துக்கு இடம் வெவ்வேறு கருத்தில் வருகிறது. எல்லாம் கடந்து கடைசி வரிக்கு வந்தால் அங்கே இரண்டு எண்கள் நிற்கின்றன: மோதலின் விளைவை அறிய முன்பு நடத்திய சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதாக மதிப்பிடப்பட்டது 1,920 கன அங்குலம். அவையோரே, 640 மடங்கு! நம் சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தாது என்பதல்லவா அந்த ஸ்லைடின் தலைப்பாக இருந்திருக்க வேண்டும்? பிப்ரவரி 1 அன்று தரை திரும்பும் வழியில் ஓடம் டெக்சாஸ் வானில் சிதறியது, எழுவரும் மாண்டார்கள். ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. நாசாவின் பழக்கவழக்கங்கள் பலவற்றை விசாரணைக் குழு குறை கூறியது. ஆனால் ஒரு மூத்த மேலாளர் இதைப் படித்தும், உயிருக்கு ஆபத்தான நிலை ஒன்று பேசப்படுகிறது என்று உணராமல் போவது எளிதே என்பதும் அந்தக் குழு எழுதியதுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

இந்த வரலாற்றை எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றே. கடைசி வரியில் கண் பட்ட எவரும், அவர் எவ்வளவு இளையவராக இருந்தாலும், ‘3 எங்கே, 1,920 எங்கே?’ என்று கேட்பதற்கு நேரமும் உரிமையும் கூட்டத்தின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். தலைவரின் பெருந்தன்மையை நம்பி அதை விட்டுவிடக் கூடாது. ஆகவேதான் பாதி நேரம் அவைக்கு என்ற கோரிக்கையை ஓயாமல் எழுப்பி வருகிறேன். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களிலேயே இதற்கு வழி கண்டார். சிறிது பேசுவார், ஒரு கேள்வி வைப்பார். மாணவர்கள் தனியே யோசித்து விடையைத் தெரிவித்த பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு மறுபடியும் விடை சொல்வார்கள். பக்கத்துத் தோழரின் வாயால் கேட்டு விளங்கிக்கொள்வது பலருக்கும் எளிதாக இருந்தது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை ஒன்று, வெறும் விரிவுரை கேட்ட மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு, பங்கேற்றுக் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று கணக்கிட்டது. இவ்வளவு சான்றுகள் இருந்தும் நிகழ்ச்சி நிரல்கள் மாறவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

மூன்றாவதாகச் சொன்ன, கூட்டம் கலைந்த பிறகு நடக்க வேண்டியவற்றை விரிக்க நேரமில்லை. திரும்பத் திரும்பப் படித்தவரைவிட, படித்ததைத் தாமே நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவருக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருக்கிறது என்று 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் காட்டினார்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

ஒருங்கிணைப்பாளர் அவர்களிடம் ஒரு தீர்மான வரைவைக் கொடுத்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பொருளையும் கேள்வி வடிவில் எழுத வேண்டும். ‘விடுமுறை விதிகள்’ என்று போடாமல், ‘விடுமுறை விதிகளில் எதை மாற்ற வேண்டும்?’ என்று போட வேண்டும். விவரத் தாள் கூட்டத்துக்கு முன்தினமே கைக்குப் போய்ச் சேர வேண்டும். பேச்சாளரின் நேரத்துக்குப் பக்கத்திலேயே அவையின் நேரமும் நிமிடக் கணக்கில் அச்சாக வேண்டும். அவையில் இளையவர் முதலில் பேசலாம். நேரம் போதாமல் போகும்போது ‘கேள்விகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் வழக்கத்தைக் கைவிட்டு, பேச்சாளரின் மீதி ஸ்லைடுகளை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை ஒவ்வொரு கூட்டத் தலைவருக்கும் எழுத்தில் அளிக்க வேண்டும் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.