சைக்கிள் டைனமோவும் 60 லட்சம் டொலர் கிற்றாரும்: உள்ளே இருப்பது ஒரே சாமான்!

(திரையில்: தலைகீழாக நிறுத்திய சைக்கிள். பின்சில்லோடு டைனமோ உரசிச் சுழல்கிறது.)

இந்த டைனமோவை ஒருமுறை வடிவாகப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் கேட்டால் சும்மாவே தந்துவிடுவார்கள்.

(திரையில்: ஒரு பழைய கிற்றாரின் படம்.)

இது நிர்வானா என்ற அமெரிக்க றொக் குழுவின் கேர்ட் கோபேன் வாசித்த மாட்டின் கிற்றார். 2020 இல் ஏலத்தில் 60 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலை போனது. அதன் தந்திகளுக்குக் கீழே மாட்டியிருக்கிற, தந்தியின் ஆட்டத்தை மின்னாக்குகிற பிக்அப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். டைனமோவைக் கழற்றினாலும் அதேதான். றொக் இசை முழுவதும் இந்த இரண்டு சாமானில்தான் ஓடுகிறது என்று நான் சொன்னால், கிளிநொச்சி வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்பீர்கள். கொஞ்சம் இருந்து பாருங்கள்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம், எனக்கே அதில் நித்திரை வரும். 1831 இல் மைக்கல் பரடே, சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் மின் பிறக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்கு நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் நடனக் குழுக்களின் ஊதுகருவிச் சத்தத்தில் கிற்றார் கேட்கவே இல்லை. அதனால் ஜோர்ஜ் பீச்சம் என்பவர் கிற்றாரின் தந்திகளோடு லாடக் காந்தத்தையும் சுருளையும் பொருத்தினார். ரிக்கன்பாக்கர் அதைத் தயாரித்து விற்றார். காப்புரிமை 1937 இல் கிடைத்தது. பிறகு 50களில் ஃபெண்டர், கிப்சன் நிறுவனங்களின் கிற்றார்கள். வரலாறு முடிந்தது, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

இல்லை, ஒரு விஷயம் சொல்லாமல் போக மனமில்லை. உலகத்தில் பாதிப் பேர் ஆசைப்படுகிற ஸ்ட்ரற்றோகாஸ்டரை 1954 இல் வெளியிட்ட லியோ ஃபெண்டருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. அவர் றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். இதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் எங்கள் கதையிலும் றேடியோ திருத்துகிறவர்கள்தான் நாயகர்கள்.

போர் நடந்த 1990களின் வன்னிக்கு, இலங்கையின் வடக்குக்கு வருவோம். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை, எங்கேயாவது கிடைத்தாலும் யானை விலை. ஆனால் வீட்டில் கசெற் பிளேயர் இருக்கிறது, இளையராஜா கசெற்றும் இருக்கிறது. என்ன செய்வது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் வயரை றேடியோவுக்கு இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்டார்கள். செய்தியும் அப்படித்தான், பாட்டும் அப்படித்தான். 2009க்குப் பிறகு பிறந்த தம்பி தங்கச்சிமாருக்கு இது கட்டுக்கதை போல இருக்கும். வீட்டில் அம்மா அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். விஷயம் தெரிந்தவர்கள் நடுவில் டயோட் போட்டு அதைச் சரிப்படுத்தினார்கள். அதற்கு மேல், கசெற் பிளேயரில் மோட்டர் இருக்கிறதே! சுற்றுகிறவரின் கை களைத்தால் மின்னழுத்தம் விழும், மோட்டர் மெதுவாகும், பாட்டு இழுபடும், சுருதி கீழே இறங்கும். எஸ்.பி.பி.யின் குரல் திடீரென்று கட்டைக் குரலாகும். எலக்ட்ரிக் கிற்றாரில் சுருதியை அப்படி வளைப்பதற்கென்றே ஒரு பிடியைக் காசு கொடுத்துப் பூட்டுகிறார்கள். எங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

(திரையில்: பிக்அப்பின் படம், மேலே ஆறு காந்தங்கள்.)

இப்போது கிற்றாரைத் திறப்போம். ஸ்ட்ரற்றோகாஸ்டரின் ஒரு பிக்அப்பில், தந்திக்கு ஒன்றாக ஆறு காந்தக் குச்சிகள். அவற்றைச் சுற்றித் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. காந்தம், மேலே ஓடும் உருக்குத் தந்தியையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. தந்தியைத் தட்டினால் அது ஆடும், அதோடு காந்தப்புலமும் ஆடும், சுருளில் மின் பிறக்கும். ஐந்தாவது தந்தி செக்கனுக்கு 110 தடவை ஆடினால், சுருளில் பிறக்கும் மின்னும் 110 தடவை ஏறி இறங்கும். அவ்வளவுதான். நைலோன் தந்தி போட்டால் இந்த பிக்அப்புக்கு ஒன்றும் கேட்காது, காந்தத்துக்கு நைலோன் யாரென்றே தெரியாது.

கவனித்தீர்களா? பெயர் எலக்ட்ரிக் கிற்றார். ஆனால் சாதாரண எலக்ட்ரிக் கிற்றாருக்குள் பற்றரி இல்லை, சுவரில் செருகுகிற பிளக்கும் இல்லை. மின்னை உங்கள் விரல்தான் உண்டாக்குகிறது. டைனமோவில் காந்தம் சுழல்கிறது, சுருள் சும்மா நிற்கிறது. இங்கே இரண்டுமே சும்மா நிற்க, தந்தி ஆடுகிறது. டைனமோ 6 வோல்ற் வரை தரும், பிக்அப் தருவது பெரும்பாலும் 1 வோல்ற்றுக்கும் குறைவு. அந்தச் சின்ன மின்னை ஊதிப் பெருக்கத்தான் அம்ப்புக்கு மின்சாரம் வேண்டும். தடைக்காலத்தில் இங்கே ஒரு எலக்ட்ரிக் கிற்றார் இருந்திருந்தால் அதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கும், என்ன, பக்கத்தில் காதை வைத்துத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவசரமென்றால் நீங்கள் போகலாம், நான் போகமாட்டேன்.

குயீன் என்ற றொக் குழுவின் கிற்றார்காரர் பிரையன் மே. சின்ன வயதில் அவருக்கு ஃபெண்டர் வேண்டும், வீட்டில் அதற்குக் காசில்லை. 1963 இல் அப்பாவும் மகனுமாகத் தாங்களே கிற்றார் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்கு, யாரோ கழற்றிப் போட்ட பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம். விரற்பலகையில் அடையாளப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்திகளின் இழுவையைத் தாங்க பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். சுருதியை வளைக்கிற பிடிக்கு என்ன தெரியுமா? சைக்கிள் சீற்றுக்குப் பின்னால் பை கொழுவுகிற கம்பி! அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசியின் ஒரு துண்டு.

1985 இல் வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் நிகழ்ச்சியில் உலகமே பார்க்க அவர் வாசித்தது இந்தக் கிற்றாரைத்தான். இன்றைக்கும் அதுதான் அவர் கையில். நடுவில் போய் வானியற்பியலில் கலாநிதிப் பட்டமும் எடுத்துக்கொண்டார், அது வேறு கதை.

இதை ஐரோப்பியர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். வன்னி ஆட்களுக்கு இது ஒரு புதினமா? பெற்றோல் இல்லாத காலத்தில், காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. பிரையன் மே பரந்தனில் பிறந்திருந்தால் இந்தக் கிற்றாரைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். “தம்பி, அந்த சைக்கிள் கம்பியைத் திருப்பிக் கொண்டுவந்து பூட்டு” என்று அப்பாதான் கத்தியிருப்பார்.

சரி, கோயில் திருவிழா மேடையில் கிற்றார்காரர் வயரைச் செருகியவுடன் ‘ங்ங்ங்’ என்று ஒரு இரைச்சல் வருமே? அது எங்கள் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ். பிக்அப் சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை, சுற்றியிருக்கிற வயரையும் ட்ரான்ஸ்போமரையும் சேர்த்தே கேட்கிறது. கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் 1955 இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள், ஒன்றுக்கு ஒன்று எதிராக. இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துபோகும். காந்தங்களையும் மாற்றி வைத்திருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் கூடும். அந்த ஆரம்பகால பிக்அப்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சேகரிப்பாளர்கள் அந்த ஸ்டிக்கரைக் கண்டால் கிற்றாரையே மறந்துவிடுவார்கள். அடியில் ஒட்டியிருக்கிற, வாசிக்கிற ஒருவருக்கும் தெரியாத ஸ்டிக்கருக்கு விலை கொடுப்பது எனக்குக் கொஞ்சம் பைத்தியம் போலத்தான் தெரிகிறது. காசு இருந்தால் நானும் வாங்குவேன்.

சேகரிப்பு என்றதும் எங்கள் பக்கத்து நிலைமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. லண்டனில் ஒரு வீட்டின் மேல்தட்டில் அப்பாவின் 70களின் இசைத்தட்டுகள் அப்படியே கிடக்கும். வன்னியில் எத்தனை இடப்பெயர்வு! ஓடும்போது அரிசியும் பிள்ளையும்தான் கையில், கசெற் பெட்டியை யார் தூக்கினார்கள்? அதனால் இங்கே ஒரு வீட்டில் பழைய கசெற் ஒன்று மிஞ்சியிருந்தால், ஸ்டிக்கரும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம், அதுவே அபூர்வம்.

அப்படி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். சாதாரண கசெற் நாடாவில் பூசியிருப்பது இரும்பு ஒட்சைட். பாட்டு அதில் காந்தப் பதிவாக இருக்கிறது, பிளேயரின் தலையில் இருக்கும் சுருள் அதை மின்னாக்குகிறது. மறுபடியும் காந்தமும் சுருளும்! ஆகவே ஸ்பீக்கருக்கு மேல் கசெற்றை வைக்காதீர்கள், ஸ்பீக்கரின் காந்தம் பதிவைக் கெடுத்துவிடலாம். மார்கழி மழையில் ஈரம் பட்டால் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், அதைப் பிளேயரில் போட்டால் மற்றக் கசெற்றுக்கும் தொற்றும். இசைத்தட்டு என்றால் நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் அப்பளம்தான்.

றொக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் பிங்க் ஃபுளொய்டின் 1973 அல்பம், ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ இலிருந்து தொடங்கலாம். சுமார் 43 நிமிடம். 90 நிமிடக் கசெற் ஒன்றின் ஒரே பக்கத்தில் முழுதும் அடங்கிவிடும், கடையில் கொடுத்துக் கசெற்றில் பாட்டுப் பதிந்து வாங்கிய றெக்கோடிங் பார் காலத்து ஆட்களுக்கு இதன் அருமை தெரியும். பாட்டு மாற்றி மாற்றிக் கேட்காமல் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். பிடிக்காவிட்டால் கீழே வந்து என்னைத் திட்டுங்கள், திட்டுகிற சாக்கில் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஸ்பீக்கரிலும் சுருளும் காந்தமும்தான், அங்கே மின் போய் அசைவாகிறது. அதைத் திருப்பியும் ஓட்டலாம். வீட்டில் கிடக்கிற பழைய வயர் இயர்போனைக் கணினியின் மைக் துளையில் செருகி, அதற்குள் சத்தமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். மெல்லியதாக உங்கள் குரல் கேட்கும். பாடியும் அனுப்பலாம். மிக மோசமான பதிவு எதுவோ அதை அடுத்த வீடியோவில் போடுவேன், பெயர் சொல்ல மாட்டேன்.